தொட்டிக்குப் போன பால்

வானிலை என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. பால் சொசைட்டிக்காரர், தான்தான் வைத்ததாகச் சொல்கிறார். சலூன்காரரோ, அந்தப் பெயர் தன் கடை நாற்காலியில்தான் பிறந்தது, அன்றைக்கு முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர்களே சாட்சி என்கிறார். யார் வைத்தால் என்ன, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது. மனுஷன் வாயைத் திறந்தால் புயல் எச்சரிக்கைதான். வெயில் அடித்தால் கிணறு வற்றிவிடும் என்பார். மழை பெய்தால் மாட்டுக் கொட்டகை ஒழுகும் என்பார். இரண்டும் இல்லாமல் ஒரு நாள் நன்றாக விடிந்துவிட்டால், வாசலில் நின்று வானத்தைச் சந்தேகமாகப் பார்த்து, "இவ்வளவு அமைதியா இருக்கே, எதுக்கோ அடி போடுது" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். ஐந்து மாடு, கொட்டகையை ஒட்டிக் கொஞ்சம் நிலம், கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பிய ஒரு மகள். பூட்டின கதவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். அவருடைய மனைவிக்கு நேர் எதிரான சுபாவம். "கவலைப்படறதுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போதும். நானும் சேர்ந்து கவலைப்பட்டா மாட்டை யார் கறக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் தன் வேலையைப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவர் அரசாங்கத் திட்டம் ஒன்றில் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று கேட்டால், அது பயத்தில் நடந்த காரியம்.

சொசைட்டி ஹாலில் கூட்டம் போட்டார்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று பெரிய எழுத்தில் பேனர். பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சூரிய ஒளித் தகடு கொடுத்தார்கள். அதற்கும் அந்தப் பக்கம் காற்றாடி நட்டார்கள். "நமக்கு என்னய்யா வந்திருக்கு?" என்று கேட்டால், சாணி. மாடு வைத்திருப்பவர் வீட்டில் அரசே கேஸ் தொட்டி கட்டித் தரும். சாணியும் புல்லும் போட்டால் கேஸ் வரும், அந்தக் கேஸில் இன்ஜின் ஓடும், கரண்ட் வரும். தொட்டிக்குத் தீனியாக யானைப்புல் வளர்ப்பவர்களுக்கும் தனியாக உதவி உண்டு.

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வானிலை மட்டும் எழுந்தார். தொட்டி வெடிக்குமா? நாறுமா? மாடு செத்துப்போனால் தொட்டிக்கு யார் சோறு போடுவது? மேலே ஆள் மாறினால் திட்டமும் மாறுமா? ஆபீசர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தடுக்கத்தான் கேட்டார் நம்ம ஆள். ஆனால் கேட்கக் கேட்க, ஆசையாகக் கேட்கிறார் என்று ஆபீசர் நினைத்துக்கொண்டார். "இவ்வளவு அக்கறையா விசாரிக்கிறவர்தான் எங்களுக்கு வேணும். முதல் தொட்டி உங்களுக்கே" என்றார். ஹாலே கைதட்டியது. அத்தனை பேர் கைதட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வானிலைக்குப் பயம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கைதட்டின சூடு தலையில் இருக்கும்போதே தங்கச்சி வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். அடுத்த வேலியில்தான் அவள் நிலம். கத்தரி, வெண்டை, தக்காளி என்று போட்டு, காய்க்கடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருந்த நாளை விட நெடுஞ்சாலையில் இருந்த நாள்தான் அதிகம்.

"அண்ணே, நானும் புல்லு போடட்டுமா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் பூச்சி வரும், காய்ந்துபோகும், ஆடு மேயும் என்று பயமுறுத்தியிருப்பார். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி, "போடு பாப்பா, நான் இருக்கேன்ல" என்றுவிட்டார். வாழ்க்கையில் அவர் நல்ல வானிலை சொன்னது அந்த ஒரே தடவைதான்.

அவள் ஓரமாகக் கொஞ்சம் போட்டுப் பார்ப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். மறு வாரம் வேலிப்பக்கம் போனால் கத்தரி இல்லை, வெண்டை இல்லை, நிலம் முழுக்க உழுது, யானைப்புல் கரணை நட்டாகிவிட்டது.

"மொத்தமாவா பாப்பா போட்ட?"

"நீதான சொன்ன."

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, சந்தேகம் இல்லை. அன்றிலிருந்து வானிலைக்குச் சரியாகப் பசிக்கவில்லை. ஏனென்றால் திட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. தொட்டி சோதனையில் தேற வேண்டும். ஆபீசர் வந்து, அடுப்பைப் பற்ற வைத்து, இன்ஜினை ஓட்டிப் பார்ப்பார். தேறினால், அந்தத் தொட்டிக்கென்று வளர்கிற புல் எரிசக்திப் பயிர், உதவி வரும். தேறாவிட்டால் அது வெறும் புல். யானைப்புல் என்றால் சும்மாவா? ஒரு தடவை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் விடாது. மறுபடி கத்தரி போட வேண்டுமானால் மண்ணையே புரட்டிப் போட வேண்டும்.

தொட்டியைக் கட்டியதும் குழாய் மாட்டியதும் மனைவியின் தம்பி, அதாவது நம்மவருக்கு மச்சினன். பைப் வேலை அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், பேச்சு அதைவிட. கொட்டகைக்குப் பின்னால் பெரிய சிமெண்ட் தொட்டி, அதன் மேல் கறுப்பு ரப்பர் மூடி. கேஸ் சேர்ந்தால் மூடி உப்பும். முதல் தடவை அது உப்பி எழுந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. சலூன்காரர், "உங்க வீட்டுக்குப் பின்னால ஒரு யானை திரும்பிப் படுத்திருக்கிற மாதிரி இருக்குய்யா" என்றார். அடுப்பில் நீலமாகத் தீ எரிந்தது. இன்ஜின் இருமிக்கொண்டே ஓடிக் கொட்டகைக்கு லைட் போட்டது. மாடுகளுக்குத்தான் வருத்தம். தங்களுக்கு வைக்கோலும் தொட்டிக்குப் பச்சைப் புல்லும் போவதை வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன.

எல்லாம் சரியாகப் போகிறதே என்று வானிலை கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் செவலை மாட்டுக்கு மடி வீங்கியது.

மாட்டு டாக்டரம்மா வந்து பார்த்தார். மடிவீக்கம் என்று சொல்லி ஊசி போட்டார். "மருந்து முடிஞ்சும் சில நாள் வரைக்கும் இந்தப் பாலை யாருக்கும் ஊத்தாதீங்க. சொசைட்டிக்கும் வேணாம், கன்னுக்குட்டிக்கும் வேணாம். கறந்து கீழ ஊத்திடுங்க" என்றார். செவலைக்குச் சரியாகிறது என்று பார்த்தால், பக்கத்தில் கட்டியிருந்த மாட்டுக்கும் அதே வீக்கம். அதற்கும் ஊசி.

பாலைக் கறந்து கீழே ஊற்றுவது என்பது மாட்டுக்காரனுக்கு ஆகிற காரியமா? வானிலை வாளியை எடுத்துக்கொண்டு சாக்கடை வரைக்கும் போனார். நுரை தளும்பும் பாலைப் பார்த்தார். சாக்கடையைப் பார்த்தார். கை சாயவில்லை. திரும்பி வரும் வழியில் தொட்டி கண்ணில் பட்டது. அழுகின பழம் தின்கிறது, மிச்சம் மீதி தின்கிறது, புல் தின்கிறது. பால் நல்ல சத்தாயிற்றே.

"தொட்டிக்கும் ஒரு வாய் போகட்டும்" என்று ஊற்றினார். மனைவி கொட்டகையிலிருந்தே பார்த்துவிட்டு, "பெத்த பிள்ளைக்குக் கூட இப்படி ஊட்டினதில்ல" என்றாள். அவருக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. காலை, மாலை, இரண்டு மாட்டுப் பாலும் தொட்டிக்கே போனது.

கொஞ்ச நாளில் ரப்பர் மூடி தளர ஆரம்பித்தது. முதலில் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார். பிறகு அடுப்பில் நீலம் போய் மஞ்சள் வந்தது. இன்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. சோப்பு நுரையைக் குழாய் முழுக்கத் தடவி ஓட்டை தேடினார். ஓட்டை இல்லை. வேளை தவறாமல் போய் மூடியை அழுத்திப் பார்ப்பார். தண்ணீர் வற்றின தோல்பை மாதிரி மெத்தென்று கை உள்ளே போகும். சோதனைக்கு அடுத்த திங்கள் வருவதாக ஆபீசர் போனில் சொல்லியிருந்தார்.

பாப்பாவின் நிலத்திலிருந்து பார்த்தால் மூடி நன்றாகத் தெரியும். இவர் என்ன செய்தார், ஒரு தார்ப்பாயை எடுத்து அதன் மேல் போர்த்திக் கட்டிவிட்டார்.

"என்னண்ணே, போர்வை போத்தி விட்டிருக்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"வெயில் பட்டா ரப்பர் கெட்டுப்போகும் பாப்பா."

"ஓ" என்றாள் அவள். நம்பிவிட்டாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை டாக்டரம்மா மாட்டைப் பார்க்க வந்தார். வானிலை வாளியோடு தொட்டிப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, "எங்க கொண்டு போறீங்க?" என்றார்.

"நீங்க கீழ ஊத்தச் சொன்னீங்க. மனசு வரல. அதான் தொட்டிக்கு."

"எத்தனை நாளா?"

"நீங்க ஊசி போட ஆரம்பிச்சதுல இருந்தே."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "தொட்டிக்குள்ள கேஸ் யார் பண்றாங்கன்னு நினைச்சீங்க?"

"சாணிதானே."

"சாணியில இருக்கிற கிருமிங்க. நான் போடற ஊசி எதுக்கு?"

வானிலை வாளியைக் கை மாற்றிப் பிடித்தார்.

"கிருமியைக் கொல்லத்தான. அந்த மருந்து பால்ல இறங்குது. அதனாலதான் கன்னுக்குட்டிக்கே வேணாம்னேன்."

வாளியை அப்படியே தரையில் வைத்தார். "அப்ப நான் எல்லாத்தையும் கொன்னுட்டேனா?"

"எல்லாத்தையும் இல்ல. பாதி மயங்கிக் கிடக்கும். பாலை நிறுத்துங்க. நல்லா வேலை செய்யற வேற தொட்டியில இருந்து கரைசல் கொண்டாந்து கலக்குங்க, தயிருக்கு உறை ஊத்தற மாதிரி. மெதுவா எழுந்துக்கும்."

"திங்கட்கிழமைக்குள்ள?"

டாக்டரம்மா அவரைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

விஷயம் மச்சினன் காதுக்குப் போனது. வந்தான், தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான், சிரித்தான். "இதுக்கா மாமா முகத்த இப்படி வெச்சிருக்கீங்க? எங்கிட்ட சிலிண்டர் கிடக்கு. புல்லுக் குவியலுக்கு அடியில படுக்க வெச்சு, குழாயை இதோட சேத்துடறேன். ஆபீசர் பத்த வெப்பாரு, ஜம்முனு எரியும், கை குடுத்துட்டுப் போயிடுவாரு."

"கேஸை அளக்குற மெஷின் கொண்டாந்தா?"

"அந்த மெஷின் எப்பவும் ரிப்பேர்லதான் மாமா இருக்கும். ஆபீசர் அரசாங்க ஆளுதான, ஆகாசத்துல இருந்தா வர்றாரு?"

மனைவியும் தம்பி பக்கம் சேர்ந்துகொண்டாள். "தொட்டி என்னங்க தப்பு பண்ணுச்சு? தப்பு பண்ணது நீங்க. அதுக்கு ஒரு வாய்ப்பு குடுங்க."

வானிலை சரி என்றார். மச்சினன் அன்றைக்கே குழாயை இழுத்து, புல்லுக்கு அடியில் மறைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை பாப்பா வந்தாள். வெட்டின புல்லில் ஒரு கட்டு, அண்ணன் பார்க்கட்டும் என்று தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தண்டு கரும்பு மாதிரி தடித்திருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"காய்க்கடைக்காரர்கிட்ட இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டேண்ணே. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், லாரியை விட்டுட்டு வாங்கன்னு. அவரும் இந்த லோடோட முடிச்சுக்கறேன்னு ஓனர்கிட்ட பேசிட்டாராம். புல்லு வெட்டறதுக்கு எனக்கும் ஒரு ஆள் வேணும்ல."

"அவசரப்பட வேணாம்னு சொல்லேன் பாப்பா."

"ஏன், நீதான் இருக்கியே."

அவள் போன பிறகு வானிலை புல்லுக் குவியல் மேல் உட்கார்ந்தார். அடியில் சிலிண்டர் இடித்தது. கவலைப்படுவதில் ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் நாளையோடு நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கு அதற்கப்புறமும் ஓடும். திங்கட்கிழமை தீ எரியும், சரி. செவ்வாய்க்கிழமை பாப்பா வண்டி நிறையப் புல் கொண்டு வருவாள். புதன்கிழமையும் வருவாள். செத்த தொட்டியில் எவ்வளவு புல்லைப் போட முடியும்? லாரியை விட்டுவிட்டு வந்த மச்சான் வாசலில் நின்று, "என்ன மச்சான், கரண்ட் எங்க?" என்று கேட்பார். சிலிண்டர் ஆபீசரை ஏமாற்றும். பாப்பாவின் நிலத்தை எத்தனை நாளைக்கு ஏமாற்றும்?

எழுந்து வேலியைத் தாண்டிப் போனார். அவள் வரப்போரம் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பாலில் ஆரம்பித்து சிலிண்டர் வரைக்கும் சொல்லி முடித்தார். அவள் அரிவாளை நிறுத்தவே இல்லை. கையில் இருந்ததை அறுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டரம்மாவுக்கு. உங்க அண்ணிக்கு. மச்சினனுக்கு."

"மாட்டுக்கு?"

"பாப்பா..."

"மாட்டுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும்தான் தெரியல."

"பயமா இருந்துச்சு பாப்பா."

"உனக்கு எதுக்குண்ணே பயமில்ல? ஒரு மேகம் வந்தா ஊரைக் கூட்டிச் சொல்லுவ. என் நிலத்து விஷயத்தை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடிட்டியே."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து போனை அவளே எடுத்தாள், ஆபீசர் நம்பரைக் கேட்டாள், போட்டாள்.

"சார், முதல் தொட்டி வெச்சவரோட தங்கச்சி பேசறேன். தொட்டிக்கு உடம்பு சரியில்ல. ஆமா சார், உடம்புதான். ஊசி போட்ட மாட்டுப் பாலை ஊத்திட்டாங்க. இல்ல சார், வேணும்னு இல்ல, வீணாக்கக் கூடாதுன்னு."

அந்தப் பக்கம் ஆபீசர் பேசினதெல்லாம் வானிலைக்கும் கேட்டது. திங்கட்கிழமை வந்துதான் ஆக வேண்டும், எரியாததை எரிந்ததாக எழுத முடியாது. மறு சோதனை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதிலும் தேறாவிட்டால் தொட்டியும் போகும், புல்லும் போகும். "மறைச்சு ஏதாவது செஞ்சிருந்தீங்கன்னா அந்த ஒண்ணும் கிடைச்சிருக்காது" என்றார். வீட்டுக்கு வந்ததும் வானிலை முதல் வேலையாகக் குழாயைப் பிடுங்கிப் போட்டார்.

திங்களன்று ஆபீசர் வந்தார், எரியாத அடுப்பைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார்.

உறைக் கரைசலுக்கும் பாப்பாதான் அலைந்தாள். அக்கம்பக்கத்தில் உயிரோடு இருந்த ஒரே தொட்டி, பன்றிப் பண்ணைக்காரர் திட்டம் வருவதற்கு முன்பே தன் செலவில் கட்டியது. தண்ணி வண்டியோடு போய் நின்றாள். அவர் கொடுக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"உங்கண்ணன் மட்டும் இந்தப் பக்கம் வரக்கூடாதும்மா. போன தடவை வந்து, என் பன்னிக்கெல்லாம் காய்ச்சல் வரும்னு சொல்லிட்டுப் போனார். வந்துடுச்சு."

பன்றிக் கரைசல் வந்து இறங்கியபோது வானிலையின் மனைவி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "பால் குடிச்ச வாயிக்கு இதுதான் கெடச்சுதா" என்றாள். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. தொட்டியில் பாதியை இறைத்து வெளியேற்றி, புதுசைக் கலந்தார்கள். செவலையின் பால் இப்போது ஒழுங்காகச் சாக்கடைக்குப் போனது. ஊற்றும்போது வானிலை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதற்குள் புல் முற்ற ஆரம்பித்தது. விட்டால் விறகாகிவிடும். வெட்டினால் போட இடமில்லை. பாப்பா டாக்டரம்மாவிடம் கேட்டாள், ஆபீசரிடம் கேட்டாள், பண்ணைக்காரரிடம் கேட்டாள். நறுக்கி, மிதித்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் போட்டு மூடி, மேலே பழைய டயர்களை அடுக்கி ஊறுகாய்ப்புல் ஆக்கினால் மாசக்கணக்கில் இருக்கும் என்றார்கள். லாரி வேலையை விட்டுவிட்டு வந்த புருஷனும் அவளுமாக ஏறி ஏறி மிதித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் போர்த்திய ஒரு குன்றே எழும்பியது. தொட்டி எழுந்திருக்காவிட்டால் அத்தனையையும் தின்ன இந்த ஊரில் வாய் கிடையாது. வானிலையும் மிதிக்கப் போனார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே மிதிக்க வேண்டும் என்று மட்டும் கையைக் காட்டினாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மூடி மெதுவாக எழுந்தது. ஒரு நாள் எழும், மறுநாள் தளரும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஒன்றிரண்டு குமிழி உடைகிற சத்தம். மனுஷன் பாதி சாப்பாட்டில் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வருவார். "என்னங்க, பேசுதா?" என்று மனைவி கேட்பாள். "முனகுது" என்பார்.

மறு சோதனைக்கு ஆபீசர் வந்தபோது கையில் அளக்கும் மெஷின் இருந்தது, ரிப்பேர் ஒன்றும் இல்லாமல். அதைப் பார்த்ததும் மச்சினனுக்கு வேறெங்கோ அவசர வேலை ஞாபகம் வந்தது. குழாயில் மெஷினை மாட்டினார்கள். எண் ஏறியது, நின்றது, யோசித்தது, மறுபடி ஏறியது. வானிலை அதைப் பார்க்கவில்லை, பாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் நீலம். இன்ஜின் இருமிவிட்டு ஓட ஆரம்பித்து, ஓடிக்கொண்டே இருந்தது.

"தேறுற கோட்டை ஒட்டித்தான் வந்திருக்கு. ஆனா வந்துடுச்சு" என்றார் ஆபீசர். "தேறிடுச்சு. புல்லும் சேந்துடும்."

மனைவி ஓடிப்போய் டம்ளரில் டீ கொண்டு வந்தாள். ஆபீசர் ஒரு வாய் குடிப்பதற்குள் பாப்பா ஆரம்பித்துவிட்டாள். எத்தனை வருஷத்துக்கு உதவி வரும்? நடுவில் நிறுத்தினால் எவ்வளவு முன்னாடி சொல்வார்கள்? இந்தத் தொட்டி படுத்தால் புல்லை வேறு தொட்டிக்குக் கொடுக்கலாமா? அதை எழுத்தில் தருவார்களா? ஆபீசர் டீ ஆறிப்போகும் வரை பதில் சொன்னார். வானிலை ஒரு பதிலுக்கு நடுவில், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது பாப்பா" என்றார். "இருண்ணே, சார் சொல்லட்டும்" என்றாள் அவள், திரும்பாமலே.

இப்போதெல்லாம் காலையில் புல் வண்டியோடு அவளும் புருஷனும் வருவார்கள். வண்டியை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். நேராகத் தொட்டிக்குப் போய், மூடியைக் கையால் தட்டிப் பார்ப்பாள். குழாயில் இருக்கும் அழுத்த மானியில் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்ப்பாள். கொட்டகைப் பக்கம் திரும்பி, "அண்ணி, மாட்டுக்கு ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்பாள். இல்லை என்று குரல் வந்த பிறகுதான் புல்லுக்கட்டை அவிழ்ப்பாள். அதுவரைக்கும் வானிலை ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் கை புல் தொட்டிக்குள் விழுந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.